பி.எம். 2.5, இன்ஹேலர், கோள்களின் பிறப்பு: மூன்றுக்கும் ஒரே கணக்கா?

திருச்சி மாணவன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். சென்ற வாரம் பாய்ம இயக்கவியல் வகுப்பில், பாய்மத்தில் மெல்ல நகரும் சிறு கோளத்தின் மீதான உராய்வுத் தடையைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதியை நடத்தி முடித்த பேராசிரியர், நகரத்துப் புகையும், ஆஸ்துமா நோயாளி உறிஞ்சும் மருந்துத் துகளும், இளம் விண்மீனைச் சுற்றிவரும் தூசியும் இந்த ஒரே விதிக்குள் அடங்கும் என்று சொன்னார். மணி அடித்துவிட்டதால் அதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை. வகுப்புக்குச் சுவை கூட்டச் சொன்ன பேச்சா, அல்லது ஆய்வாளர்கள் உண்மையிலேயே இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்களா என்பது என் முதல் கேள்வி.

அடுத்து, கணக்கு ஒன்றே என்றால், கொரோனா காற்றில் பரவுமா பரவாதா என்று 2020ஆம் ஆண்டில் மருத்துவர்களும் காற்றுத்துகள் ஆய்வாளர்களும் மாதக்கணக்கில் வாதாடியது ஏன்? இயற்பியல் ஒன்றாக இருக்கும்போது விடை இரண்டாக இருந்தது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியாக, விண்வெளி கிட்டத்தட்ட வெற்றிடம். அங்கே பாகுத்தன்மைக்கு ஏது இடம்?

அடுத்த பருவத்துக்கான விருப்பப் பாடத்தை இம்மாத இறுதிக்குள் தேர்வுசெய்ய வேண்டியிருப்பதால், துறை சார்ந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் உதவியாக இருக்கும். கணிதம் வந்தாலும் பரவாயில்லை.

புகைமானி

வணக்கம். காற்றில் மிதக்கும் துகள்களை அளப்பதுதான் என் வேலை. உங்கள் பேராசிரியர் சொன்னது சுவைக்காகச் சொன்னதல்ல. நாங்கள் அந்தக் கணக்கை அன்றாடம் போடுகிறோம். ஆனால் ஸ்டோக்ஸ் 1851இல் அந்த விதியை எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது புகையும் அல்ல, விண்மீனும் அல்ல. காற்றின் உராய்வு ஊசலின் ஆட்டத்தை எவ்வளவு தளர்த்துகிறது என்பதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டுரையிலேயே, நுண்ணிய நீர்த்துளிகள் மிக மெதுவாக விழுவதால்தான் மேகங்கள் வானில் தொங்குவதுபோல் தெரிகின்றன என்று போகிறபோக்கில் குறிப்பிட்டுவிட்டுப் போகிறார். எங்கள் துறை முழுவதும் அந்த ஓரக்குறிப்பிலிருந்து கிளைத்தது என்று சொன்னால் பெரிய மிகையாகாது.

முதலில் எண்களைப் பார்ப்போம். காற்றில் விழும் சிறு கோளத்தின் முற்றுத் திசைவேகம், அதாவது எடையும் தடையும் சமமானபின் மாறாமல் நிலைக்கும் வேகம், அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நீரின் அடர்த்தி கொண்ட 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள துளி நொடிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விழும். 5 மைக்ரான் துளி 0.76 மில்லிமீட்டர், 1 மைக்ரான் துளி ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர். ஒன்றரை மீட்டர் உயரத்தில், அதாவது நிற்கும் ஒருவரின் வாய் உயரத்தில், இவற்றை விட்டால் அசையாத காற்றில் தரையைத் தொட முறையே எட்டு நிமிடம், அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். நாம் வாழும் அறையில் காற்று எப்போதும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. மின்விசிறி ஓடாவிட்டாலும், மனித உடலின் சூட்டினால் எழும் காற்றே நொடிக்குப் பல சென்டிமீட்டர் வேகத்தில் மேலேறும். அதன் எதிரே நொடிக்கு 0.76 மில்லிமீட்டர் என்பது கணக்கிலேயே வராது.

விழும் வேகத்தைவிடப் பயனுள்ள இன்னோர் அளவு உண்டு. முற்றுத் திசைவேகத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் ஒரு கால அளவு கிடைக்கும். ஓடும் துகள் காற்றின் போக்குக்கு இணங்கிவர எடுத்துக்கொள்ளும் நேரம் அது. நாங்கள் அதைத் தளர்வு நேரம் என்கிறோம். 10 மைக்ரான் துகளுக்கு அது ஒரு மில்லிநொடியில் மூன்றில் ஒரு பங்கு. 1 மைக்ரான் துகளுக்கு மூன்று, நான்கு மைக்ரோநொடி. இப்போது காற்று ஒரு வளைவில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று திரும்ப எடுக்கும் நேரத்தைவிடத் துகளின் தளர்வு நேரம் மிகக் குறைவாக இருந்தால் துகளும் கூடவே திரும்பிவிடும். அதிகமாக இருந்தால் நேரே போய்ச் சுவரில் மோதும். இந்த இரண்டு நேரங்களின் விகிதத்துக்கு ஸ்டோக்ஸ் எண் என்று பெயர். உங்கள் பேராசிரியர் சொன்ன மூன்று துறைகளையும் இணைப்பது, என் பார்வையில், விதியைவிட இந்த எண்தான்.

ஏறத்தாழ 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள காற்றுத்துகள்களைக் குறிக்கும் பி.எம். 2.5 என்ற பெயரே இந்த எண்ணிலிருந்து பிறந்ததுதான் என்பது பலருக்கும் தெரியாது. 2.5 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றை அடியோடு நிறுத்திவிட்டு மற்றவற்றை விடும் சல்லடை எதுவும் அந்தக் கருவிக்குள் இல்லை. காற்றை வேகமாக உறிஞ்சி, ஒரு தட்டின் முன்னோ சுழல் கூண்டுக்குள்ளோ திடீரெனத் திருப்புவார்கள். பெரிய துகள்கள் திரும்ப முடியாமல் ஒட்டிக்கொள்ளும், சிறியவை தப்பி வடிதாளுக்குப் போகும். சரியாக 2.5 மைக்ரானில் பாதித் துகள்கள் தப்பும், பாதி அகப்படும், எல்லைக்கோடு அவ்வளவுதான். இங்கே விட்டம் என்பதும் வடிவியல் விட்டம் அன்று. நீரின் அடர்த்தி கொண்ட எந்தக் கோளம் இதே வேகத்தில் விழுமோ அந்தக் கோளத்தின் விட்டமே கணக்கு. ஆகவே ஒழுங்கற்ற வடிவமுள்ள கரித்துகளும் உருண்டையான உப்புநீர்த் துளியும் ஒரே அளவாகப் பதிவாகலாம்.

ஒரு திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் மூன்றாம் கேள்விக்கு அது அடித்தளம். அறைக் காற்றில் மூலக்கூறுகளின் சராசரி மோதலிடைத் தூரம் ஏறத்தாழ 0.07 மைக்ரான். துகள் அந்த அளவை நெருங்கும்போது காற்று தொடர்ச்சியான பாய்மமாக அதற்குத் தென்படாது; இடையிடையே வந்து மோதும் தனி மூலக்கூறுகளாகவே தென்படும். அப்போது தடை குறைந்து, ஸ்டோக்ஸ் சொன்னதைவிடச் சற்று வேகமாக விழும். கன்னிங்ஹாம் 1910இல் இதற்கு ஒரு திருத்தக் காரணியைத் தந்தார்; எண்ணெய்த்துளிச் சோதனையில் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகனும் இந்தத் திருத்தத்தோடு போராட வேண்டியிருந்தது.

நுண்துகள்கள் தாமாக விழாமையின் விலையை லண்டன் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை கண்டது. மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார, கீழே குளிர்ந்த காற்றில் நிலக்கரிப் புகையும் கந்தக டைஆக்சைடும் தேங்கின. அப்போது ஏறத்தாழ 4,000 உயிர்கள் போனதாகக் கணக்கிட்டார்கள். பிற்கால மறுஆய்வு அதை 12,000 வரை உயர்த்தியது. 1956இன் தூய காற்றுச் சட்டம் அதன் விளைவு. ஐந்து நாட்களில் புகை தன் எடையால் படிந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர் மேலேயுள்ள எண்களை ஒருமுறை பார்த்தால் போதும்.

நெஞ்சக மருத்துவர்

புகைமானி அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் நுரையீரல் மருத்துவன். சமன்பாடுகளைக் கல்லூரியோடு மறந்தவன். ஆனால் ஸ்டோக்ஸ் எண் என்ற பெயர் தெரியாமலேயே ஒவ்வொரு நாளும் அதைத்தான் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது இந்த இழையைப் படித்தபோது தோன்றியது.

மூச்சுப்பாதையை இயற்பியலாளரின் கண்ணோடு பாருங்கள். மூக்கும் தொண்டையும் கூர்மையான வளைவுகள்; அங்கே காற்று நொடிக்கு மீட்டர் கணக்கில் ஓடுகிறது. 5 முதல் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பகுதி அங்கேயே மோதி ஒட்டிக்கொள்ளும். நாம் சிந்தியோ விழுங்கியோ வெளியேற்றிவிடுவோம். பிறகு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, மீண்டும் இரண்டாகப் பிரிந்து, ஏறத்தாழ 23 தலைமுறைக் கிளைகளாக விரிகிறது. ஒவ்வொரு கிளையும் குறுகலானாலும் கிளைகளின் எண்ணிக்கை பெருகுவதால் மொத்தக் குறுக்குப்பரப்பு பல மடங்கு கூடி, கடைசியில் காற்று ஏறத்தாழ நின்றேவிடுகிறது. அங்கே மோதல் செல்லாது. துகள் தன் எடையால் மெல்லப் படிவதும், மிகச் சிறிய துகள் மூலக்கூறுகளின் இடிபாட்டால் தள்ளாடிச் சுவரைத் தொடுவதும்தான் வழி.

இதில் ஒரு விந்தை உண்டு. 0.3 முதல் 0.5 மைக்ரான் வரையுள்ள துகள்கள் மோதுவதற்கும் படிவதற்கும் மிகச் சிறியவை, தள்ளாடுவதற்கு மிகப் பெரியவை. உள்ளே போனவற்றில் கணிசமான பங்கு அப்படியே மூச்சோடு வெளியே வந்துவிடும். என்95 முகக்கவசத்தை 0.3 மைக்ரான் அளவில் சோதிப்பதும் இதே காரணத்தால்தான். வடிகட்டிக்கு மிகக் கடினமான அளவு அது. வைரஸ் 0.1 மைக்ரான்தானே, கவசத்தின் ஓட்டை அதைவிடப் பெரிதாயிற்றே என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வாதம் எங்கே தவறியது என்பது இப்போது புரியும். வடிதாள் சல்லடை அன்று, 0.3ஐவிடச் சிறியவை தள்ளாடித் தள்ளாடி இழைகளில் இன்னும் எளிதாக அகப்படும்.

இன்ஹேலருக்கு வருகிறேன். மருந்து மூச்சுக் கிளைகளைச் சென்றடைய 1 முதல் 5 மைக்ரான் வரையான துகள்கள் வேண்டும். அமுக்கும் வகை இன்ஹேலரிலிருந்து மருந்து மிக வேகமாகப் பீறிடுவதால், நேரே வாய்க்குள் அடித்துக்கொண்டால் பெரும்பகுதி தொண்டையிலேயே அப்பிக்கொள்கிறது. ஸ்பேசர் என்ற அந்தச் சாதாரணப் பிளாஸ்டிக் குடுவை, மருந்துப் பீறலின் வேகத்தைத் தணிக்கிறது, உந்துவாயு ஆவியாகித் துளிகள் சிறுக்க நேரம் தருகிறது. துளியின் வேகம், அளவு இரண்டும் ஒரே நேரத்தில் குறைவதால் ஸ்டோக்ஸ் எண்ணும் குறைகிறது. இந்த வகையை மெதுவாக, ஆழமாக இழுக்கச் சொல்கிறோம். பொடி வகை இன்ஹேலரில் இதற்கு நேர்மாறாக வேகமாக இழுக்கச் சொல்கிறோம், ஏனெனில் அங்கே நோயாளியின் மூச்சு வேகம்தான் பொடிக்கட்டியை உடைத்து நுண்துகளாக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி வாங்கி, இரண்டையும் ஒரே மாதிரி இழுத்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று வருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள். குறை மருந்தில் இல்லை.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்வி. இதை எழுத எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது, தவறு எங்கள் பக்கம் என்பதால்.

சார்லஸ் சாப்பின் என்ற அமெரிக்கப் பொதுச் சுகாதார அதிகாரி 1910இல் எழுதிய நூலில், நோய்கள் பெரும்பாலும் தொடுதலாலும் நெருக்கத்தாலும் பரவுகின்றன, காற்றால் பரவுவது அரிது என்று வலுவாக நிறுவினார். கெட்ட காற்றே நோய் என்ற பழைய மயக்கத்தைத் துரத்த அந்த வாதம் அன்று தேவைப்பட்டது. பிறகு 1934இல் வில்லியம் வெல்ஸ், இருமலில் தெறிக்கும் துளி தரையைத் தொடுவதற்குள் உலர்ந்துவிடுமா என்று கணக்கிட்டார். ஏறத்தாழ 100 மைக்ரானுக்கு மேற்பட்டவை நனைந்தபடியே தரையில் விழும்; அதைவிடச் சிறியவை வழியிலேயே உலர்ந்து சுருங்கி மிதக்கும் என்பது அவர் கண்ட எல்லை. அவரும் ரிச்சர்ட் ரைலியும் 1950களின் பிற்பகுதியில் பால்டிமோர் மருத்துவமனை ஒன்றில் காசநோய்ப் பிரிவின் காற்றைக் குழாய் வழியாக மாடியிலிருந்த கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, அவற்றுக்குக் காசநோய் வருவதைக் காட்டினார்கள். காசநோய்க் கிருமி வேர்பிடிக்க நுரையீரலின் கடைசி நுண்ணறைக்கே போக வேண்டும். அவ்வளவு ஆழம் போகக்கூடியவை 5 மைக்ரானுக்குக் குறைந்தவை.

இங்கேதான் சறுக்கல். 100 என்பது எது மிதக்கும் என்பதற்கான எண். 5 என்பது எது அடிநுரையீரலை எட்டும் என்பதற்கான எண். காலப்போக்கில் பாடநூல்களும் வழிகாட்டுதல்களும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, 5 மைக்ரானுக்கு மேற்பட்டது ஒன்றிரண்டு மீட்டரில் தரையில் விழுந்துவிடும் என்று எழுதிவிட்டன. நான் மாணவனாக இருந்தபோது அதை மனப்பாடம் செய்து தேர்வும் எழுதினேன். புகைமானி தந்த எண்ணைப் பாருங்கள்: 5 மைக்ரான் துளி விழ அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கணக்கை எங்களில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

2020 மார்ச் இறுதியில் உலகச் சுகாதார அமைப்பு, கொரோனா காற்றில் பரவுவதன்று என்று சமூக ஊடகத்தில் திட்டவட்டமாக அறிவித்தது. அவ்வாண்டு ஜூலையில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லிடியா மொராவ்ஸ்காவும் அமெரிக்காவைச் சேர்ந்த டொனால்டு மில்டனும் எழுதி, 239 அறிவியலாளர்கள் ஆதரித்த கட்டுரை, காற்றுவழிப் பரவலை ஏற்கச் சொன்னது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் லின்சி மார், அறிவியல் வரலாற்று ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்த 5 மைக்ரான் எண்ணின் பூர்வீகத்தைத் தேடிப்போய்த்தான் மேற்சொன்ன கதை வெளிச்சத்துக்கு வந்தது. 2024 ஏப்ரலில் உலகச் சுகாதார அமைப்பு வெளியிட்ட புதிய சொல்லாட்சி ஆவணம், துளி என்றும் ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்) என்றும் அளவை வைத்துப் பிரிக்கும் பழக்கத்தையே கைவிட்டது. ஆகவே, விடை இரண்டாக இருந்தது இயற்பியல் இரண்டானதால் அன்று. ஒரு துறையின் எண், எந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை என்ற குறிப்பு உதிர்ந்த நிலையில், இன்னொரு துறைக்குள் நுழைந்ததால்தான்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில் சன்னல்களைத் திறந்துவிட்டாலே, இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளைவிட அதிகமாகக் காற்று மாறுகிறது என்று காட்டியது. குளிரூட்டிக்காகச் சன்னலை நிரந்தரமாக அடைத்த அறைகளில் அமர்ந்து நோயாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது.

திருச்சி மாணவன்

இருவருக்கும் மிக்க நன்றி. 5 மைக்ரான் கதை எங்கள் பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை. இன்றிரவே அந்த நேரங்களைக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். விண்வெளி பற்றி யாராவது எழுத முடியுமா?

ரோகிணி

எழுதுகிறேன். இளம் விண்மீன்களைச் சுற்றி வாயுவும் தூசியுமாகப் பரந்து கிடக்கும், கோள்கள் உருவாகும் வட்டுகளைப் பற்றி ஆராயும் குழுவொன்றில் இருக்கிறேன். என் புனைபெயருக்குரிய விண்மீன் இருக்கும் அதே ரிஷப மண்டலத்தில், ஏறத்தாழ 450 ஒளியாண்டுத் தொலைவில், எச்.எல். டாரி என்ற மிக இளைய விண்மீன் இருக்கிறது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சிலி நாட்டிலுள்ள ஆல்மா வானலைத் தொலைநோக்கிகள் 2014இல் அதைப் படம்பிடித்தபோது, அதைச் சுற்றியுள்ள தூசி வட்டில் பளிச்சென்ற வளையங்களும் இருண்ட இடைவெளிகளும் மாறிமாறித் தெரிந்தன. அந்த வளையங்களை விளக்க முனைபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, நகரத்துப் புகையை ஆராய்பவர் கேட்பதேதான்: இந்தத் துகள் வாயுவோடு போகுமா, தன் போக்கில் போகுமா?

பாகுத்தன்மை பற்றிய உங்கள் ஐயம் சரியானது. அந்த வட்டில், நமக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவில், வாயு மூலக்கூறுகளின் சராசரி மோதலிடைத் தூரம் சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். மைக்ரான் அளவுத் தூசிக்கு அங்கே வாயு பாய்மமே அன்று. கன்னிங்ஹாம் திருத்தத்தின் கடைக்கோடி என்று வைத்துக்கொள்ளலாம். தடை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது தனித்தனி மூலக்கூறுகள் வந்து மோதுவதால் எழும் தடை. பால் எப்ஸ்டைன் 1924இல் அதற்கு எழுதிய வாய்பாட்டைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். ஆக உங்கள் பேராசிரியரின் சொல்லில் ஒரு சிறு திருத்தம்: வட்டிலுள்ள தூசி பெரும்பாலும் ஸ்டோக்ஸ் விதிக்குள் அடங்காது. ஆனால் ஸ்டோக்ஸ் எண்ணுக்குள் அடங்கும். தளர்வு நேரத்தை எந்த வாய்பாட்டால் கண்டாலும், அதைத் துகள் விண்மீனைச் சுற்றும் கால அளவோடு ஒப்பிட்டால் அதே விகிதம் கிடைக்கிறது.

அந்த விகிதம் ஒன்றை நெருங்கும்போதுதான் சிக்கல். வட்டிலுள்ள வாயுவை அதன் அழுத்தமும் வெளிப்புறம் சற்றே தாங்கிப் பிடிப்பதால், அது கெப்ளர் விதிப்படி சுற்ற வேண்டிய வேகத்தைவிட நொடிக்குச் சில பத்து மீட்டர் குறைவாகச் சுற்றுகிறது. பூமியின் சுற்றுவேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் அந்த வேறுபாடு அற்பம். ஆனால் அழுத்தத்தின் தாங்குதல் இல்லாத திடப்பொருள் முழு வேகத்தில் சுற்ற முயலும்போது, அதற்கு இடைவிடாத எதிர்க்காற்று வீசுவதுபோல் ஆகிவிடும். மிகச் சிறிய தூசி வாயுவோடு ஒட்டிச் சுற்றிவிடும், மிகப் பெரிய பாறை எதிர்க்காற்றைப் பொருட்படுத்தாது. இடைப்பட்ட ஒரு மீட்டர் அளவுப் பாறைதான் வேகமிழந்து சுருண்டு சுருண்டு விண்மீனுக்குள் விழுகிறது. 1977இல் வெய்டன்ஷில்லிங் கணக்கிட்டபடி, பூமியின் தொலைவிலுள்ள அத்தகைய பாறைக்கு நூறு ஆண்டு அளவே ஆயுள். கோள் உருவாகவோ பல இலட்சம் ஆண்டுகள் வேண்டும். தூசி கூடிக் கல்லாகி, கல் கூடிக் கோளாயிற்று என்று பள்ளியில் ஒரே வரியில் சொல்லிவிடும் கதை, நடுவில் ஒரு மீட்டர் அளவில் முறிந்துபோனது.

இதற்கு இன்று பலரும் ஏற்கும் விடை 2005இல் யூடினும் குட்மனும் முன்வைத்தது. தூசி ஓரிடத்தில் சற்றே செறிந்தால், அது வாயுவையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அதனால் எதிர்க்காற்று குறையும். பின்னால் தனியாக மிதந்துவரும் தூசி அந்தக் கூட்டத்தில் வந்து சேரும். செறிவு மேலும் கூடும். மிதிவண்டிப் பந்தயத்தில் கூட்டமாகப் போகிறவர்களுக்குக் காற்றுத்தடை குறைவதைப் போல என்று மாணவர்களுக்குச் சொல்வேன். போதிய அளவு செறிந்தபின் தன் ஈர்ப்பாலேயே அந்தத் தூசிமேகம் உட்குவிந்து சுருங்கி, மீட்டர் அளவைத் தொடாமலேயே பல கிலோமீட்டர் அளவுப் பொருளாகிவிடும். 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கடந்துபோன அரோகோத் என்ற பொருள், ஒன்றையொன்று நசுக்காமல் மெல்லத் தொட்டு ஒட்டிய இரண்டு உருண்டைகளாக இருப்பது இந்த எண்ணத்துக்கு இசைவாக உள்ளது.

வட்டின் வாயு விண்மீனை நோக்கி எப்படி நகர்கிறது என்பது வேறு கதை. மூலக்கூற்றுப் பாகுத்தன்மையை மட்டும் நம்பினால் அதற்குப் பேரண்டத்தின் வயதைவிட ஆயிரம் மடங்கு காலம் பிடிக்கும். வட்டுகளோ சில மில்லியன் ஆண்டுகளில் மறைந்துவிடுகின்றன. வலுக்குறைந்த காந்தப்புலம் சுழலும் வாயுவை நிலைகுலையச் செய்யும் என்பதை வெலிகோவ் 1959இலும், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர் 1960இலும் காட்டியிருந்தார்கள். அது வட்டுகளுக்குப் பொருந்தும் என்று 1991இல் பால்பஸ், ஹாலி இருவரும் எடுத்துச்சொல்லும் வரை முப்பது ஆண்டுகள் யாரும் அதை அங்கே கொண்டுவந்து பொருத்தவில்லை. மருத்துவர் சொன்ன கதைக்கு எங்கள் துறையிலும் உடன்பிறப்பு உண்டு என்பதற்காகச் சொன்னேன். இங்கே எண் தவறாகப் பயணம் செய்யவில்லை, பயணமே செய்யவில்லை.

கணினிப் பாய்மம்

எல்லாம் சிறப்பாக இருக்கிறது, ஆனால் மாணவர் இதைப் படித்துவிட்டு ஓர் எண் தெரிந்தால் மூன்று துறையும் கைவசம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதால் எதிர்ப்பக்கம் நின்று சில சொல்கிறேன். பாய்ம ஓட்டங்களைக் கணினியில் தீர்ப்பது என் தொழில்.

ஸ்டோக்ஸ் விதி, துகளின் ரெனால்ட்ஸ் எண் (பாய்மத்தின் நிலைம விசைக்கும் பாகு விசைக்கும் உள்ள விகிதம்) ஒன்றைவிட மிகக் குறைவாக இருக்கும்போதுதான் செல்லும். 5 மைக்ரான் துளிக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, சிக்கலில்லை. ஆனால் வெல்ஸின் 100 மைக்ரான் துளிக்கு அது ஒன்றைத் தாண்டிவிடும். விதி சொல்லும் வேகத்தைவிட உண்மை வேகம் குறையும். அதைவிட முக்கியமானது, மேலே போட்ட கணக்கெல்லாம் ஒற்றைத் துகளுக்கு. இருமலிலும் தும்மலிலும் துளிகள் தனியாக வருவதில்லை. சூடான, ஈரமான காற்றுப் பொதியோடு சேர்ந்து கொந்தளித்தபடி வருகின்றன. எம்.ஐ.டி.யின் லிடியா புரூய்பா அதிவேகப் படங்களைக் கொண்டு, தும்மலின் காற்றுப் பொதி 7, 8 மீட்டர் வரையிலும் போகக்கூடும் என்று 2020இல் எழுதினார். தனித்துளியாகக் கணக்கிட்டால் அந்தத் தொலைவு கிடைக்கவே கிடைக்காது. ரோகிணி சொன்ன தூசிக்கூட்டமும் அப்படித்தான். துகள் வாயுவைத் திருப்பித் தள்ளும் இடத்தில் ஒற்றைத் துகள் கணக்கு முறிந்துபோகிறது.

உடல்நலம் என்று வரும்போது அளவு பாதிக் கதைதான். ஒரே 2.5 மைக்ரானுக்குள் கடல் உப்பும் இருக்கும், டீசல் கரியும் இருக்கும். எவ்வளவு உள்ளே போகும் என்பதைப் பாய்மவியல் சொல்லும். உள்ளே போனபின் என்ன செய்யும் என்பதைச் சொல்லாது. அதற்கு 1993இல் வெளியான அமெரிக்க ஆறு நகரங்கள் ஆய்வைப் போல, ஆயிரக்கணக்கான மனிதர்களைப் பல்லாண்டு பின்தொடர்வதைத் தவிர வேறு வழி இல்லை. உலகச் சுகாதார அமைப்பு பி.எம். 2.5இன் ஆண்டுச் சராசரிக்கான வழிகாட்டு அளவைக் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 2021இல் 5 ஆகக் குறைத்தது அத்தகைய சான்றுகளின் பலத்தில்தான். எந்தச் சமன்பாட்டைத் தீர்த்தும் அன்று. இந்தியாவின் ஆண்டு வரம்பு 40 என்பதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

விருப்பப் பாடம் பற்றிக் கேட்டீர்கள். பாய்ம இயக்கவியலை எடுங்கள், ஆனால் அதோடு புள்ளியியலையும் ஏதாவதொரு வழியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்து, தரவைப் படிக்கத் தெரியாதவர்களை என் அலுவலகத்திலேயே நிறையப் பார்க்கிறேன்.

திருச்சி மாணவன்

கணக்கிட்டுப் பார்த்தேன், ஆனால் ஒரு குழப்பம். காற்றின் பாகுத்தன்மை 0.000018, நீரின் அடர்த்தி 1,000 என்று வைத்து, ஒன்பதில் இரண்டு பங்கு என்று தொடங்கும் பாடநூல் வாய்பாட்டில் 10 மைக்ரானை இட்டேன். நொடிக்கு 12 மில்லிமீட்டர் வருகிறது; ஒன்றரை மீட்டர் விழ இரண்டு நிமிடம்தான் ஆகிறது. புகைமானி அவர்கள் 3 மில்லிமீட்டர், எட்டு நிமிடம் என்கிறார். காற்றின் மிதப்பு விசையையும் கழித்துப் பார்த்துவிட்டேன், ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது.

புகைமானி

நான்கு மடங்கு வேறுபாடு என்றாலே காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒன்பதில் இரண்டு பங்கு என்ற வாய்பாடு ஆரத்துக்கு உரியது. நீங்கள் விட்டத்தை இட்டிருக்கிறீர்கள். துகள் ஆய்வில் எப்போதும் விட்டத்தையே சொல்வது வழக்கம் என்பதால் நாங்கள் பதினெட்டில் ஒரு பங்கு என்று தொடங்கும் வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். 5 மைக்ரானை ஆரமாக இட்டுப் பாருங்கள், 3 மில்லிமீட்டர் வந்துவிடும்.